கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு

அன்பானவர்களே,

16 வயதில் என்னைத் தாங்கிப் பிடித்த ஒரு நாவலைப் போன வாரம் மறுபடியும் படித்தேன். மனச்சோர்வில் விழுந்த ஒரு பெண்ணும் அவள் வீடும்தான் கதை. அதில் எதுவும் எனக்கு மறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் என் நினைவில் இருந்த கதையில் அப்பாவே கிடையாது. இப்போது பார்த்தால், ஏறக்குறைய எல்லா அத்தியாயத்திலும் மனிதர் இருக்கிறார். ஃபியூஸ் போன பல்பை மாற்றுகிறார், மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்து வைக்கிறார், மூடிய கதவுக்கு வெளியே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். அவளும் அவரைக் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. படித்து முடித்த இரவே இதை எழுத உட்கார்ந்தேன்.

நூலக டீச்சர், எனக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் கேட்கவே இல்லை. "இதைப் படிச்சுப் பாரு" என்று மட்டும் சொன்னீர்கள். தேதி தாண்டியபோதெல்லாம் நீங்களே புதுத் தேதி போட்டுக்கொண்டீர்கள். எனக்கு நடப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே அந்தப் பக்கங்களில்தான் தெரிந்தது. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பது என்று எண்ணியிருந்தேன். நான் அழவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். வளரும் பிள்ளைகளிடம் அது சோகமாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. திமிர் என்றுதான் நினைத்தார்கள்.

தோழி, நீ சுற்றி வளைக்காமல் "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று கேட்டாய். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் மனதில் விழுந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் மூச்சுவிட இடம் கொடுத்தது. யாரிடமும் சொல்லாதே என்று நான் கெஞ்சியும், அன்று மாலையே அக்காவிடம் சொன்னாய். அதற்காக இரண்டு மாதம் உன்னோடு பேசவில்லை. அந்தக் கோபத்தையும் பொறுத்துக்கொண்டாயே, அதற்கும் சேர்த்து நன்றி.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், இடையில் நீயாக நிறுத்திவிடாதே என்று முன்கூட்டியே சொன்ன டாக்டருக்கும், ஆரம்ப வாரங்களில் கூடவே இருங்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு என் அறையிலேயே படுத்துக்கொண்ட அக்காவுக்கும் நன்றி.

அப்பா, அந்த நாட்களில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அதனால் உங்களுக்குக் கவலையே இல்லை என்று பல வருடம் நம்பினேன். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. விடிவதற்கு முன்பே என் அறை வாசலில் கேட்கும் உங்கள் செருப்புச் சத்தம். மருத்துவமனை வராண்டாவில் என் ஃபைலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நீங்கள் உட்கார்ந்திருந்தது. அப்புறம், பழுது என்று சொல்லி என் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினீர்கள், திரும்ப மாட்டவே இல்லை. அது பழுதே ஆகவில்லை, இல்லையா?

நீங்கள் நாவல் படிப்பவர் இல்லை. அடுத்த முறை வரும்போது புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். அந்த அப்பா வரும் பக்கங்களை மட்டும் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்