லயத்துக்குள் ஏழு தலைமுறை ரகசியமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இதழில் வந்த திகில் கதையை, மழையில் கரண்ட் போன இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படித்தேன். பயப்பட ஆசைப்பட்டுத்தான் உட்கார்ந்தேன். கொட்டாவிதான் வந்தது.

பேரன் தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளே ஓலைச்சுவடி. நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து ஏதோ ஒன்று அந்தப் பரம்பரையையே ஆட்டிப்படைக்கிறதாம். அதை 'விவரிக்க முடியாத பயங்கரம்' என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறார். சரி, விவரிக்க முடியாது. அது வந்தபோது நாய் குரைத்ததா, அடுப்பு அணைந்ததா என்றாவது சொல்லலாமே? அப்புறம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், 10க்கு 12 அடிக் காம்பராவில் (அறையில்) ஏழு தலைமுறையாக மந்திர ரகசியம்! பக்கத்துக் காம்பராவில் இருமினாலே எங்களுக்குத் தூக்கம் கெடும்.

தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்த என் அப்பா, மெஷின் சக்கரத்தைக் காக்கும் சாமியான ரோதை முனியைக் கும்பிடாமல் மெஷினில் கை வைக்க மாட்டார். அந்த முனியை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்கு ஏன் போக வேண்டும்?

என் தாத்தாவின் பெட்டியிலும் ஒரு காகிதம் இருந்தது. எவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடலாம் என்று தோட்டத்தில் எழுதிக்கொடுத்த துண்டு. 1921இல் இலங்கையில் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்த பிறகும் அவர் அதைக் கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பாட்டி விளக்கைக் குறைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அடுத்த வாரம் இரண்டாம் பாகமாம். வரட்டும். அந்த நாயையாவது கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
மஸ்கெலியா