புனைபெயர் கசியும் இடங்கள்: இணைய இதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இளம்பெண்களின் பெண்ணியக் கட்டுரைகளை வெளியிடும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். புனைபெயரில் எழுதுகிறேன் என்று ஒரு பெண் கேட்டதும் "சரி" என்று பதில் போடுகிறீர்கள். அந்தச் "சரி"யைக் காப்பாற்றும் பொறுப்பும் உங்களுடையதே. பல நேரம் உண்மைப் பெயர் கசிவது உங்கள் தளத்தின் அமைப்பில்தான்.

தளங்களை நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் காட்சிப் பெயரை (வாசகருக்குத் தெரியும் பெயரை) மாற்றினால் கட்டுரையின் மேல் புனைபெயர் வரும். ஆனால் எழுத்தாளர் பக்கத்தின் இணைய முகவரியில், கணக்கு தொடங்கியபோது கொடுத்த பயனர்பெயர் அப்படியே நிற்கும். பெயர்மேல் சொடுக்குகிற எவருக்கும் அது தெரியும். ஆகவே கணக்கையே புனைபெயரில் தொடங்குங்கள். மின்னஞ்சலும் புதிதாக இருக்கட்டும். மின்னஞ்சலோடு முகப்படத்தை இணைத்துவைக்கும் கிராவதார் சேவையில் பழைய மின்னஞ்சலுக்குப் படம் இருந்தால் அது தானே வந்து ஒட்டிக்கொள்ளும். கைபேசியில் எடுத்த படங்களில் இடமும் நேரமும் எக்ஸிஃப் என்னும் மறைவான தகவலாகக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம், ஏற்றுமுன் நீக்குங்கள். அவர் வேறெங்காவது போட்ட படத்தை இங்கே வைத்தால், படத்தைக் கொண்டு தேடுகிறவர் நேரே அவருடைய சொந்தக் கணக்கில் போய் நிற்பார்.

இத்தனையும் வெளியிடும் முன்பே முடிய வேண்டும். செய்திமடலில் போய்விட்ட பெயரைத் திரும்ப வாங்க வழியில்லை. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினிலும் பிரதி விழுந்திருக்கலாம். தலைப்பையும் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். கட்டுரையைப் படிக்காதவர்கள் பகிர்வதும் திட்டுவதும் தலைப்பை வைத்துத்தான்.

பின்னூட்டங்களை அவரே படித்து நீக்கட்டும் என்று விடுவது கொடுமை. 2014-இல் ஜெசபெல் என்னும் அமெரிக்கப் பெண்ணியத் தளத்தின் பின்னூட்டங்களில் வன்முறைப் படங்களைப் பெயரற்ற கணக்குகள் தொடர்ந்து கொட்டின. அங்கே எழுதிய பெண்களே அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்க வேண்டியிருந்தது. நிர்வாகம் அசையாததால் அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள், அதன் பிறகே முன்னனுமதி முறை, அதாவது பின்னூட்டத்தைப் பார்த்து அனுமதித்த பின்பே காட்டும் முறை, திரும்ப வந்தது. அந்த முறையை முதல் நாளிலிருந்தே வைத்திருங்கள். தடைச்சொல் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம்: ஒரே தமிழ் வசையை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதுவார்கள், நடுவே புள்ளியோ எண்ணோ செருகுவார்கள். மனிதக் கண்தான் பிடிக்கும். முதல் மூன்று நாளைக்கு இருவர் மாறி மாறிப் பார்த்தால் ஒருவரே எல்லா நஞ்சையும் விழுங்க வேண்டியிராது.

மிரட்டல் வந்தால் வரிசை முக்கியம். முதலில் ஆதாரத்தைச் சேமிப்பது, பிறகு புகார், கடைசியில் தடுப்பு. புகார் ஏற்கப்பட்டால் பதிவு மறைந்துவிடும்; தடுத்துவிட்டால் அந்தக் கணக்கை நீங்களே பார்க்க முடியாமல் போகலாம். திரைப்பிடிப்பில் முழு முகவரி, தேதி, நேரம், பயனர் அடையாளம் நான்கும் இருக்க வேண்டும். காட்சிப் பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள்.

அந்தரங்கப் படத்தைப் பரப்புவோம் என்று மிரட்டினால் அத்தகைய படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) தளம் இருக்கிறது. படம் அவருடைய கருவியை விட்டு வெளியேறாது. அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடான எண்ணிலக்க ரேகை மட்டுமே, பங்கேற்கும் தளங்களுக்குப் போகும். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் கீழான வயதில் எடுத்த படமென்றால் அதே போன்ற டேக் இட் டவுன் (Take It Down) சேவை இருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்துக் கட்டுரையை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காதீர்கள். நீக்கிய பிறகும் தேடுபொறியில் பழைய சுருக்கம் கொஞ்ச காலம் தெரியும். அதை அகற்றும் விண்ணப்பத்தையும் நீங்களே அனுப்புங்கள். தளத்தின் உரிமையாளர் கணக்கு உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பெண்களின் எழுத்தைப் பதிப்பிக்கும் பணியில் இருப்போர்