சூளைக்கு முன் விறகு

அன்புள்ள மகளுக்கு,

ஜப்பானில், பிஸென் பாண்டங்களுக்குப் பேர்போன இம்பேயில் மட்பாண்டப் பயிற்சிக் காலம் முடிந்ததும் ஊருக்கு வந்து, வளவுக்குள் ஒரு விறகுச் சூளை கட்டப்போவதாக எழுதியிருந்தாய். அப்பா கடிதத்தைப் படித்து முடிக்கும் முன்பே சம்மதம் சொல்லிவிட்டார். எனக்கும் சம்மதம்தான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் மரம், பிறகு சூளை. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாமா வேறு கணக்குப் போட்டிருந்தார். மின்சூளை வாங்கித் தருகிறேன், புகையும் இல்லை, இரவிரவாகக் கண்விழிக்கவும் தேவையில்லை என்றார். உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். நீ கொடுத்தனுப்பிய ஜாடியை அவர் கையில் கொடுத்தேன். நெருப்பு வந்த பக்கத்துத் தோளில் சாம்பல் விழுந்து உருகி, எள் தூவினாற்போல் பொட்டுப் பொட்டாகப் படிந்திருக்கிறது. கழுத்தருகே அது கூடி, ஒரு சொட்டாக இறங்கி, பாதி வயிற்றில் நின்றுவிட்டது. மறுபக்கம் வெறும் மண் நிறம். யாரும் தூரிகை எடுத்துப் பூசியதில்லை. விறகுச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்தும் பொட்டாசியமும் இருக்கின்றன, மண்ணில் சிலிக்கா இருக்கிறது, 1200 பாகையைத் தாண்டும்போது இவை ஒன்றோடொன்று கலந்து கண்ணாடியாகிவிடுகின்றன என்று நீ சொல்லித் தந்ததை அப்படியே அவருக்குச் சொன்னேன். மின்சாரத்தில் சாம்பல் பறக்காது. ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அதன் பிறகு மின்சூளைப் பேச்சை எடுக்கவில்லை.

ஜாடியைவிட, அதோடு நீ அனுப்பிய தட்டுத்தான் என்னை அதிகம் உலுக்கியது. நம் வீட்டில் வைக்கோல் சூளை மூடுவதற்கு மட்டுமே பயன்பட்டது. அங்கே அதே வைக்கோலைப் பாண்டத்தில் சுற்றிக் கட்டி, சாம்பல் படாமல் மறைத்து வைத்துச் சுடுகிறார்கள். வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணின் இரும்போடு சேர்ந்து சிவந்த கோடுகளை விட்டுச் செல்கிறது. பிஸென் மண்ணையும் வயலுக்கு அடியிலிருந்துதான் தோண்டுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். வயலும் வைக்கோலும் களியும் நமக்குக் குறைவா மகளே? அம்பாறைப் பக்கத்து நெல் ஆலைகளில் உமி மலையாகக் கிடக்கிறது. உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு சிலிக்காதான் என்றால், பாண்டத்தின் மேல் கண்ணாடியாகப் படியும் வெண்பூச்சுக்கு வேண்டியதில் பெரும்பகுதி நம் காலடியில் இருக்கிறது. பூச்சை உருக வைக்கும் மாத்தளைப் பக்கத்துப் பெல்ஸ்பார் கல்லை மட்டும் வாங்கினால் போதும்.

நம்மிடம் இல்லாதது விறகு. இதில் உன்னை நான் விடப்போவதில்லை.

ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்குப் போன ஆங்கிலேயக் குயவர் பெர்னாட் லீச், ஜப்பானியக் குயவர் ஹமாடா இருவரின் கதையை நீதான் எனக்குச் சொன்னாய். 1920இல் சென்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை தொடங்கினார்கள், ஜப்பானிய முறையில், அறை அறையாகச் சரிவில் ஏறும் படிச்சூளை கட்டினார்கள். கை இருந்தது, கலை இருந்தது, சுற்றுவட்டாரத்தில் மரம்தான் இல்லை. 1930களில் அந்தச் சூளை எண்ணெய்க்கு மாறியது. உலகமே கொண்டாடிய பட்டறைக்கே அந்த நிலை. நீ இப்போது இருக்கும் இடத்திலும் செம்பைன் மரங்களைப் பூச்சியும் புழுவும் அழித்து, விறகு கிடைப்பதே பாடாக இருக்கிறது என்று எழுதினாய். உன் ஆசிரியர் ஒரு சூளைக்குப் பத்து நாளுக்கு மேல் விடாமல் விறகு போடுகிறாரே, அது பல தொன் ஆகும். அத்தனை விறகை இங்கே எங்கிருந்து எடுப்பாய்?

காட்டு விறகை வெட்டவும் ஏற்றவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் கிடைத்தாலும் யானைக்குத்தான் அந்தக் காடு மிஞ்சியிருக்கிறது. அதில் நாம் கை வைக்கக் கூடாது. வாவிக்கரைக் கண்டல் மரங்களைப் பற்றி நினைக்கவே வேண்டாம். சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறம், மீனும் இறாலும் அங்கேதான் பெருகுகின்றன. மலைநாட்டுப் பைன் மரத்தை லொறியில் கொண்டு வரலாம் என்று எழுதியிருந்தாய். லொறிக் கூலி உன் கலையைத் தின்றுவிடும்.

1978 சூறாவளியில் தென்னைகள் விழுந்து கிடந்ததை அம்மம்மா அடிக்கடி சொல்வார்கள். அதன் பிறகு விறகுக்குக் குறைவே இல்லை, சட்டி வாங்கத்தான் ஆட்களிடம் காசில்லை. யுத்த காலத்தில் நிலைமை தலைகீழ். சட்டி கேட்டு ஆட்கள் வந்தார்கள், காட்டுப் பக்கம் போக முடியாமல் சூளை புல் முளைத்துக் கிடந்தது. அப்போதுதான் நான் மனதில் முடிவு செய்தேன்: விறகு நம் வேலிக்குள் வளர வேண்டும். பிறர் கையை எதிர்பார்த்து எரியும் சூளை ஒருநாள் அணைந்துவிடும்.

நம் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் மகளுக்குத்தான். அம்மம்மா எனக்கு எழுதித் தந்த, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள மேட்டுநிலம் அடுத்து உனக்கு. அதைச் சீதனமாகப் பூட்டி வைக்க எனக்கு விருப்பமில்லை. இப்போதே உன் தொழிலுக்கு எடுத்துக்கொள். வேலி நெடுகச் சீமைக்கிளுவை நடலாம், வெட்ட வெட்டத் தளிர்க்கும். மணற்பாங்கான பக்கம் சவுக்கு. அங்கே நிற்கும் பழைய மரமுந்திரிகைகளைக் கவாத்துப் பண்ணினால் அதிலும் விறகு வரும். வேம்பைத் தொடாதே, வெயிலில் நிழலுக்கு அது வேண்டும்.

எல்லா விறகும் ஒரே வேலை செய்யாது என்பது உனக்குத் தெரியும். சவுக்கையே போட்டுக்கொண்டிருந்தால் தணல் குவிந்து காற்று வரும் வழியை அடைத்துவிடும். எவ்வளவு போட்டாலும் சூடு ஏறாது. அந்த நேரத்தில் மெல்லியதாகப் பிளந்த விறகும் காய்ந்த தென்னம்பாளையும் கொக்கரையும் போட்டால் சுவாலை நீண்டு கடைசி அடுக்கு வரை ஓடும். நம் சின்னச் சூளையில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உன் பெரிய சூளைக்கும் நெருப்பு ஒன்றுதானே.

மண்ணைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் செம்மண் களி 800, 900 பாகைக்குப் பழகியது. அங்கே போல் ஏற்றினால் வளைந்து குமிழி விட்டுச் சரிந்துவிடும். அதிக சூடு தாங்கும் மீட்டியாகொட வெண்களியைக் கலந்து சிறு கட்டிகளாகச் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குளத்து மண், வயல் மண், ஆற்றோர மண் மூன்றையும் தனித்தனிப் பையில் காயவைத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள். அதிக சூடு பட்ட பாண்டம்தான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. நம் தயிர்ச்சட்டியை எடுத்துப் பார். குறைந்த சூட்டில் வெந்ததால் அதன் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, எருமைத் தயிர் குளிர்ந்து இறுகுகிறது. உன் ஜாடியில் உறையூற்றினால் அந்த இறுக்கம் வராது. நான் பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெல்லியதாக்கும்போது, உள்ளே பிடித்திருக்கும் கல்லுக்கும் வெளியே அடிக்கும் பலகைக்கும் நடுவில் மண்ணின் கனம் கைக்குத் தெரியும். கனம் சரியானதும் சத்தம் மாறும். அதைச் சின்ன வயதிலேயே காதால் பிடித்தவள் நீ. அந்தக் காதை ஜப்பானில் விட்டுவிட்டு வராதே.

இது வருமானத்துக்கும் பொருந்தும். உன் சூளை வருடத்தில் ஒரு முறையோ இரு முறையோதான் எரியும். அதில் வெடித்தது, ஒட்டிக்கொண்டது, சரிந்தது போக மிஞ்சுவதை விற்றுத்தான் அடுத்த சூளை வரை சாப்பிட வேண்டும். தைப்பொங்கல் பானையும், வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களுக்குப் போகும் பாண்டமும், கார்த்திகை விளக்கும், தயிர்ச்சட்டியும் மாதா மாதம் அரிசி வாங்கித் தரும். இரண்டு சூளையும் ஒரே வளவில் இருக்கட்டும். உன் கோப்பைக்கு விலை சொல்லும்போது தலை குனியாதே. ஒரு கோப்பைக்கு இவ்வளவா என்று கேட்பவர்களைச் சூளைக்கு அழைத்து வந்து ஓர் இரவு விறகு போடச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். சூளைக் கண்ணுக்குள் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்காதே. காய்ந்த மண் தூசியை ஈரத் துணியால் துடை, விளக்குமாற்றால் கூட்டாதே. அப்பப்பாவின் இருமல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். சாம்பலை நீரில் கரைத்து அலசும்போது கையுறை போடு, அந்த நீர் தோலை அரிக்கும்.

வரும் வழியில் புதுச்சேரியில் சில மாதங்கள் தங்க முடியுமா என்று பார். கோல்டன் பிரிட்ஜ் பட்டறையை ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கினார்கள். அங்கே பழகிய பலர் இன்று தனிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய நெருப்பை நம்மைப் போன்ற வெயிலிலும் கடற்காற்றிலும் எப்படிக் கையாள்வது என்பதை இம்பேயில் கற்க முடியாது. செலவுக்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

ஐப்பசி மழை தொடங்கும் முன் கன்றுகள் வந்து சேர வேண்டும், மாடு புகாமல் வேலியும் அடைக்க வேண்டும். ஆகவே இரண்டு விடயங்களை உடனே எழுது. சூளையின் நீளம் எத்தனை அடி, எந்தத் திசை பார்த்து நிற்கும்? அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அப்பா குழி வெட்டுவார். மற்றது, ஒரு சூளைக்கு எவ்வளவு விறகு தேவை என்று உன் ஆசிரியரிடம் கேட்டுச் சரியான கணக்கைச் சொல். அதை வைத்துத்தான் எத்தனை கன்று வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

அன்புடன்
அம்மா