நான் நீதிக்கதை சொல்லல சார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன செவ்வாக்கிழமை உங்க பேப்பர்ல மாவட்டச் செய்திப் பக்கத்துல வலது ஓரமா ஒரு போட்டோவும் அதுக்குக் கீழ ஆறு வரியும் வந்திருந்துச்சு. சிவகாசிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில இலக்கிய மன்றத் தொடக்க விழா. தாளாளர் பேரு இருந்துச்சு, செயலர் பேரு, முதல்வர் பேரு, நிர்வாகக் குழுவுல நாலு பேரோட பேரு, நன்றி சொன்ன தமிழ் டீச்சர் பேரு எல்லாம் இனிஷியலோட இருந்துச்சு. கடைசி வரி, "எழுத்தாளர் ஒருவர் நீதிக்கதைகள் கூறி மாணவர்களை மகிழ்வித்தார்". அந்த எழுத்தாளர் ஒருவர் நாந்தான். போட்டோவுல தாளாளருக்குப் பின்னாடி பச்சைச் சேலையில ஒரு முழங்கை தெரியுதே, அதுவும் என்னோடதுதான்.

பேரு போடலங்கறதுக்காக எழுதல. (கொஞ்சம் அதுக்காகவும்தான், பொய் சொல்லுவானேன்.) ஆனா நீதிக்கதைன்னு போட்டீங்க பாருங்க, அதுதான் ரெண்டு நாளா தூங்க விடல. நான் அங்க கதையே சொல்லல சார். பிள்ளைங்கள எழுத வைக்கப் போனேன்.

கூப்பிட்டப்ப "எழுத்துப் பயிற்சி மேடம், ஏழாங்கிளாஸ், நாப்பது பிள்ளைங்க, ரெண்டு மணி நேரம்"னுதான் சொன்னாங்க. நானும் சாத்தூர்லருந்து காலைல ஆறேமுக்கால் பஸ்ஸப் புடிச்சு, நாப்பது தாளு, நாப்பது பென்சில், ஒரு பையில புளியங்கொட்டை, பழைய சாவி, காக்கா இறகு, உடைஞ்ச வளையல்னு சாமானெல்லாம் தூக்கிட்டுப் போறேன். அங்க போய்ப் பாத்தா தகர ஷெட்டுக்குள்ள ஆறாவதுலருந்து ஒன்பதாவது வரைக்கும் நானூறு பிள்ளைங்க, வாயில விரல வச்சு உக்காந்திருக்கு, பி.டி. சார் விசிலோட நடந்துக்கிட்டு இருக்காரு. கடவுள் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், ஆண்டறிக்கை, அப்புறம் தாளாளர் நாப்பது நிமிஷம் நீட்டப் பத்தியும் அவங்க பள்ளியில டாக்டர் ஆனவங்களப் பத்தியும் பேசுனாரு. பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிஞ்சு மைக் எங்கைக்கு வர்றப்ப மணி பன்னெண்டு பத்து. முதல்வரம்மா காதுகிட்ட வந்து, "மேடம் சாப்பாட்டு பெல் அடிச்சிரும், ஒரு நல்ல மாரல் ஸ்டோரியா சொல்லி முடிச்சிருங்க"ன்னாங்க.

நான் சொல்லல. பிடிவாதம்தான். முன்னாடி மூணு வரிசைக்கு மட்டும் தாளக் குடுத்து, உங்க வீட்டுல ஒரு பொருளோட வாசனைய எழுதுங்க, பூ வாசனை, சாமி ரூம் வாசனை மட்டும் வேண்டாம், அத எல்லாரும் எழுதிட்டாங்கன்னு சொன்னேன். முதல்ல திருதிருன்னு முழிச்சுதுங்க. மார்க் உண்டான்னு ஒருத்தன் கேட்டான். இல்லன்னதும்தான் பென்சில் நகர ஆரம்பிச்சுது. ஒரு பொண்ணு எழுதுனதக் குனிஞ்சு பாத்தேன்: "எங்க அப்பா சட்டையில் மருந்து வாசம் அடிக்கும். அம்மா அதை மட்டும் தனி வாளியில் நனைப்பாங்க." பட்டாசு ஆபீஸ் மருந்து சார், ஆஸ்பத்திரி மருந்து இல்ல. நான் பதினாறு வருஷமா எழுதுறேன், அந்தத் தனி வாளி எனக்குத் தோணாது. நான் அடுத்த பிள்ளைகிட்ட நகந்து திரும்பிப் பாக்குறதுக்குள்ள பின்னாடி நின்ன டீச்சர் அந்தத் தாள வாங்கி, வாசம் அடிக்கும்ங்கறத அடிச்சுட்டு 'மணம் வீசும்'னு திருத்தி, "இதெல்லாம் எதுக்கும்மா, நம்ம தோட்டத்து ரோஜாவப் பத்தி எழுது"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பிள்ளை வீட்டுல தோட்டம் இருக்கான்னு யாருக்குத் தெரியும். அது ரப்பர எடுத்து அழிக்குது. பெல் அடிச்சுது. தாளையெல்லாம் வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு ஆபீஸுக்குக் கொண்டு போயிட்டாங்க. ஒண்ணக்கூட நான் முழுசாப் படிக்கல.

இதுதான் உங்க நிருபர் பாத்த நீதிக்கதை. அவரு பாக்கவே இல்லங்கறதும் எனக்குத் தெரியும், பொன்னாடை போட்டதும் போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு, மிச்சத்த பள்ளிக்கூடத்துலயே டைப் பண்ணிக் குடுத்திருப்பாங்க. அவரயும் குத்தம் சொல்ல முடியாது, அன்னிக்கு அவருக்கு இன்னும் மூணு விழா.

பணத்தப் பத்திப் பேசுனா உடனே "சேவை மனப்பான்மை இல்ல"ன்னுருவாங்க, இருந்தாலும் சொல்றேன். அந்த விழாவுல மைக் செட்டுக்காரருக்குக் காசு, ஃப்ளெக்ஸுக்குக் காசு, நடனம் சொல்லிக்குடுத்த மாஸ்டருக்குக் காசு. எனக்குப் பஸ் காசு எவ்வளவாச்சுன்னு கேக்கக்கூட ஆளில்ல. போன வருஷம் வேற ஒரு பள்ளியில இதே 'ரைட்டிங் ஒர்க்‌ஷாப்'புக்கு ஒரு பிள்ளைக்கு இருநூறு ரூபா வாங்கியிருக்காங்க, எங்க சொந்தக்காரப் பையன் அங்க படிக்கிறான், சர்க்குலர நானே பாத்தேன். எனக்கு வந்தது ஒரு பொன்னாடையும் பள்ளிப் பேரு பெருசா போட்ட ஒரு சுவர்க்கடிகாரமும். இந்தப் பொன்னாடைங்கள வச்சு நான் என்ன சார் பண்றது, பதினேழு இருக்கு, தையல்காரர்கிட்ட கேட்டேன், தலகாணி உறைக்குக்கூட ஆகாதுன்னுட்டாரு.

நவம்பர் 14 வந்தாப் போதும், போன் அடிக்கும். "மேடம் உங்களுக்கு மிமிக்ரி வருமா? பொம்மலாட்டம்? மேஜிக்?" எழுதுவேன்னு சொன்னா ஒரு நிமிஷம் சத்தமே வராது. இன்னும் சில பேரு "புக்ஸ் ஒரு நூறு காப்பி கொண்டு வந்து பிள்ளைங்களுக்கு அன்பளிப்பாக் குடுத்திருங்க"ம்பாங்க. நூறு காப்பி அச்சடிக்க நான் நகைய வச்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்.

உங்க பேப்பரும் ஒண்ணும் லேசுப்பட்டது இல்ல. 2016ல உங்க சிறுவர் இணைப்புல என் கதை ஒண்ணு வந்துச்சு, ஆடு மேய்க்கிற பையன் பொய் சொல்லிட்டு ஸ்கூலுக்குப் போறது. கீழ ஒரு கட்டம் போட்டு, 'நீதி: பொய் சொல்லக் கூடாது'ன்னு நீங்களே சேத்துட்டீங்க. அந்தப் பையன் பொய் சொன்னதாலதான் சார் படிக்கவே முடிஞ்சுது, கதையே அதான். அப்பவே எழுதணும்னு நெனச்சேன், அடுத்த கதை போடமாட்டீங்களோன்னு பயந்துட்டேன். இப்ப அந்த இணைப்பே ஒரு பக்கமாச் சுருங்கி, அதுலயும் பாதி கோச்சிங் சென்டர் விளம்பரம். அம்புலிமாமா போச்சு, கோகுலம் போச்சு, சுட்டி விகடன் போச்சு, உங்க தலையங்கம் மட்டும் 'இளைய தலைமுறை வாசிப்பதில்லை'ன்னு வருஷத்துக்கு ஒருக்க வருத்தப்படுது.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, அழ.வள்ளியப்பா பேங்க் வேலை பாத்துக்கிட்டே 1950லயே குழந்தை எழுத்தாளர் சங்கம் ஆரம்பிச்சவரு. சாகித்ய அகாடமியும் பிள்ளைங்க இலக்கியத்துக்குன்னு 2010லருந்து பால சாகித்ய புரஸ்கார்னு தனி விருதே குடுக்குது, ஐம்பதாயிரம் ரூபா. யூமா வாசுகி, உதயசங்கர், யெஸ்.பாலபாரதின்னு வாங்குனவங்கள்லாம் பிள்ளைங்க உலகத்த எழுதித்தான் வாங்குனாங்க. இத்தனைக்கு அப்புறமும் பிள்ளைங்களுக்கு எழுதுறவங்கன்னா கையில பெரம்பு இல்லாத ஹெட்மாஸ்டர்னுதான் உங்க பேப்பர் நெனச்சுக்கிட்டு இருக்கு.

எல்லாப் பள்ளியும் இப்படின்னு சொன்னா என் நாக்கு அழுகிரும். ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி, தலைமையாசிரியர் போன் பண்றதுக்கு முன்னாடியே என் புத்தகம் மூணையும் காசு குடுத்து வாங்கி, ஒரு மாசம் வகுப்புல சுத்துல விட்டிருக்காரு. இருபத்தாறு பிள்ளைங்க, வேப்பமரத்தடி, மைக்கே கிடையாது. ஊஞ்சலும் தேன்சிட்டும் அங்க கை மாறிக் கை மாறி ஓரம் சுருண்டு கிடந்துச்சு, 2022லருந்து அரசு பிள்ளைங்களுக்குன்னே போடுற இதழுங்கதான். அரசோட வாசிப்பு இயக்கத்துப் புத்தகம், பிள்ளைங்க படிக்கிற திறனுக்கு ஏத்தாப்ல நுழை, நட, ஓடு, பறன்னு பிரிச்சது, தனித்தனியா கயித்துல தொங்குது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பையன் 'நுழை'ய வச்சுக்கிட்டு இருந்தான், யாரும் அவனச் சிரிக்கல. ஒரு வாண்டு எந்திரிச்சு, "உங்க கதையில நாய ஏன் சாவடிச்சீங்க? அது தப்பிக்க வழி இருந்துச்சே, ஓட்டுக்கு மேல ஏறியிருக்கலாம்ல?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் இல்ல. நெசமாவே ஓட்டுல ஏறியிருக்கலாம். வீட்டுக்கு வந்து அந்த முடிவ மாத்தி எழுதுனேன், ரெண்டாம் பதிப்புல பாருங்க. கிளம்பறப்ப டீச்சருங்க நாலு பேரு சேந்து போட்ட ஐந்நூறு ரூபாய ஒரு கவர்ல வச்சு, மேல பிள்ளைங்க படம் வரைஞ்சு குடுத்தாங்க. அந்தக் கவர இன்னும் பிரிக்கல. அந்தச் செய்தி உங்க பேப்பர்ல வரல, நானே போன்ல சொல்லியும் வரல. விளம்பரம் குடுக்குற பள்ளி இல்லைல்ல.

எங்க ஊரு ஒரு காலத்துல பேனா நிப்புக்குப் பேரு போனது, இப்ப வெளியூர்க்காரங்களுக்குச் சாத்தூர்னா சேவு மட்டுந்தான். சும்மா ஞாபகம் வந்துச்சு, எழுதிட்டேன்.

நான் கேக்குறது ரொம்பச் சின்ன விஷயம். 'நீதிக்கதைகள் கூறி மகிழ்வித்தார்'ங்கறத 'எழுத்துப் பயிற்சி அளித்தார்'னு மாத்தி, மூலையில ஒரு திருத்தம் போடுங்க. அதுலயாவது என் பேரும் ஏதாவது ஒரு புத்தகத்துப் பேரும் வரட்டும், ரெண்டையும் தனித் தாள்ல எழுதி இணைச்சிருக்கேன். அப்புறம் உங்க நிருபர் அடுத்த வாட்டி அந்தப் பள்ளிக்கு விளம்பரம் வாங்கப் போறப்ப, ஆபீஸ்ல ரப்பர் பேண்ட் போட்டு வச்ச அந்தத் தாளுங்கள பிள்ளைங்ககிட்டயே திருப்பிக் குடுத்துரச் சொல்லுங்க. திருத்தாம குடுக்கணும்.

கடிதம் நீளம், சுருக்குவீங்கன்னு தெரியும், தாராளமா சுருக்குங்க. அடியில கட்டம் போட்டு நீதின்னு எதையும் சேத்துராதீங்க.

இப்படிக்கு,
'எழுத்தாளர் ஒருவர்',
சாத்தூர்.