பிறர் எழுதியதைப் பாடுவது குறையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இங்கிலாந்தின் டெபேஷ் மோட் இசைக்குழுவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எண்பதுகளின் சிந்தசைசர் (மின்னணு ஒலிக்கருவி) இசையைத் தமிழில் இத்தனை விரிவாக எழுதியமைக்கு நன்றி. ஆனால் அக்குழுவின் முதன்மைப் பாடகர் டேவ் கானை, குழுவின் பாடலாசிரியர் மார்ட்டின் கோர் எழுதிக் கொடுத்ததைப் பாடியவர் என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை ஏற்க இயலவில்லை.

கண்ணதாசன் பிறந்த சிறுகூடல்பட்டி எங்கள் பகுதியில்தான் இருக்கிறது. காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. எழுதியவரைப் போற்றுவதில் செட்டிநாட்டார் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். அப்படியிருந்தும், கவியரசரின் வரிகளைப் பாடினார் என்பதற்காக டி.எம்.சௌந்தரராஜனை வெறும் குரல் என்று இங்கே எவரும் சொல்லக் கேட்டதில்லை. தன் பாட்டைத் தானே எழுதாதவரை ஒரு படி கீழே வைத்துப் பார்ப்பது மேற்கத்திய ராக் விமர்சகர்கள் பலரின் வழக்கம். அந்த அளவுகோலை நாமும் கடன் வாங்க வேண்டுமா?

1962-இல் பிறந்து, லண்டனுக்குக் கிழக்கேயுள்ள பாசில்டனில் வளர்ந்த கான், 1980-இல் குழுவில் சேர்ந்தார். முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதிய வின்ஸ் கிளார்க் 1981-லேயே விலகிவிட, எழுதும் பொறுப்பு கோரிடம் வந்தது. மற்றவர்கள் கீபோர்டுகளுக்குப் பின்னால் நின்ற இடத்தை விட்டு அசைய முடியாத அந்த மேடையில், கூட்டத்தைக் கட்டிப்போடும் வேலை முழுவதும் பாடகர் தலையில்தான் விழுந்தது. 1988 ஜூனில், கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் 60,000 பேருக்கு மேல் திரண்ட கச்சேரியின் ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இயந்திரத் தாளம் இம்மியும் பிசகுவதில்லை. அதன்மேல் ஏக்கத்தையும் குற்ற உணர்வையும் ஏற்றியது கானுடைய கனத்த பாரிடோன் (உச்சமும் அடித்தளமும் அல்லாத இடைநிலை ஆண்) குரல். கோரும் நன்றாகப் பாடக்கூடியவர், சில பாடல்களைத் தாமே வைத்துக்கொண்டவர். மற்றவற்றைக் கானிடம் கொடுத்தாரென்றால் காரணம் இல்லாமலா?

போதைப் பழக்கமும், 1996-இல் கானுடைய இதயம் இரண்டு நிமிடம் நின்றுபோன செய்தியும் கட்டுரையில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. (அத்தகைய விவரங்களுக்கு வாசகர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை.) அதற்குப் பின் நடந்தவையோ விடுபட்டுவிட்டன. 2003-இல் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்ட கான், நாற்பது வயதைக் கடந்த பிறகே, 2005-இல் வந்த ‘பிளேயிங் தி ஏஞ்சல்’ ஆல்பத்தில் தாம் வேறு சிலருடன் சேர்ந்து எழுதிய மூன்று பாடல்களைக் குழுவின் பெயரில் கொண்டுவந்தார். எழுத இடம் கிடைத்துவிட்ட அதே மனிதர், 2021-இல் சோல்சேவர்ஸ் குழுவுடன் இணைந்து, முழுக்க முழுக்கப் பிறருடைய பாடல்களையே தேர்ந்தெடுத்து ‘இம்போஸ்டர்’ ஆல்பத்தை வெளியிட்டார். எழுதத் தெரியாததால் பாடினார் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

2022-இல் குழுவின் மற்றொரு உறுப்பினரான ஆண்ட்ரூ ஃபிளெட்சர் மறைந்த பின்னும் கானும் கோரும் குழுவைக் கலைக்காமல் மறு ஆண்டே புதிய ஆல்பம் தந்தனர். இத்தொடர் நீளுமாயின், அடுத்த பகுதியில் கானின் தனி ஆல்பங்களுக்கும் சோல்சேவர்ஸ் பதிவுகளுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி.