நம்ம தொகுதி எங்கே போனது? பங்காளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பூனாவிலேயே வீடு வாங்கிவிட்டாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது, கூடவே இனி நீ ஊர்ப்பக்கம் வருவது இன்னும் குறைந்துவிடுமே என்றும் தோன்றியது. இங்கே எல்லோரும் சுகம். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் காட்டுகிறோம். சின்னவன் திருச்சியில் வேலைக்குப் போகிறான், தினமும் பஸ்ஸில் போய்வந்து விடுகிறான். புதுக்கோட்டை நீ பார்த்த ஊராக இல்லை. 2017இல் மருத்துவக் கல்லூரி வந்தது, 2024இல் நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தால் பாதிக் கடைகள் புதுசு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பேரன் "தாத்தா, உங்க ஊர் எந்த எம்.பி. தொகுதி" என்று கேட்க, நீ புதுக்கோட்டை என்று சொல்ல, அவன் போனில் தேடிப் பார்த்துவிட்டு அப்படி ஒரு தொகுதியே இல்லை என்றானாமே. அவன் சொன்னது சரிதான். 2004 தேர்தல்தான் அந்தப் பெயரில் நடந்த கடைசித் தேர்தல். நீ அதற்கு முன்பே வடக்கே போய்விட்டாய், அதனால் உனக்கு விவரம் தெரிய வழியில்லை. பேரனுக்கும் படித்துக் காட்டு என்றுதான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

1948 மார்ச் 3ஆம் தேதி மன்னர் ராஜகோபால தொண்டைமான் காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது உனக்குத் தெரியும். அதோடு நாம் தனி அரசும் இல்லை, தனி மாவட்டமும் இல்லை, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனாலும் 1952இல் முதல் பொதுத்தேர்தல் வந்தபோது புதுக்கோட்டை என்ற பெயரில் ஒரு மக்களவைத் தொகுதி கிடைத்தது. மாவட்டம் கிடைக்க 1974 ஜனவரி 14 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது மாவட்டமே இல்லாத காலத்தில் டில்லியில் நமக்கு ஓர் இடம் இருந்தது, மாவட்டம் வந்து 34 வருடம் கழித்து அந்த இடம் போய்விட்டது. இதைச் சொன்னால் இங்கே காலேஜ் படிக்கிற பிள்ளைகள்கூட நம்ப மறுக்கிறார்கள்.

முதல் எம்.பி. முத்துசாமி வல்லத்தரசு. சமஸ்தான காலத்திலேயே மக்கள் பக்கம் நின்ற வக்கீல். கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியில் நின்று ஜெயித்தார், காங்கிரசில் இல்லை என்பதைக் கவனி. 1957இல் காங்கிரசின் ராமநாதன் செட்டியார். அப்புறம் 1962இலும் 1967இலும் ஆர்.உமாநாத், முதல் தடவை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, கட்சி பிரிந்தபின் அடுத்த தடவை மார்க்சிஸ்ட். காசர்கோட்டில் பிறந்து, பொன்மலை ரயில்வே தொழிலாளர்களோடு வாழ்ந்த ஒரு தொழிற்சங்கக்காரரை, கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் நம்பிக் கிடந்த ஜனங்கள் இரண்டு தடவை அனுப்பினார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் பெருமை. உங்கள் அப்பா அவருக்காகக் கிராமம் கிராமமாக சைக்கிளில் போனதைப் பற்றிச் சொல்வாரே, அந்தக் கதைகளை நீ எழுதி வைக்க வேண்டும்.

அதன்பின் காற்று அடித்த பக்கம் தொகுதியும் போனது. 1971இல் தி.மு.க.வின் வீரையா, 1977இல் அ.தி.மு.க.வின் இளஞ்செழியன், 1980இல் இந்திரா காங்கிரசின் சுவாமிநாதன். 1984, 1989, 1991 என்று தொடர்ந்து மூன்று தடவை காங்கிரசின் சுந்தரராஜ். 1996இல் திருச்சி சிவா, 1998இல் அ.தி.மு.க.வின் ராஜா பரமசிவம். 1999 ஏப்ரலில் ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்ததே, அந்த அவையில் நம்ம தொகுதிக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. ஒரு எம்.பி. இருந்து என்ன, இல்லாமல் என்ன என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அதே வருடம் நடந்த தேர்தலில் திருநாவுக்கரசர், அறந்தாங்கியில் ஆறு தடவை எம்.எல்.ஏ.வாக ஜெயித்தவர், தான் தொடங்கிய கட்சியிலேயே நின்று எம்.பி. ஆனார். கடைசியாக 2004இல் ரகுபதி, மத்தியில் உள்துறை இணை அமைச்சராகவும் இருந்தார். புதுக்கோட்டைத் தொகுதி அவரோடு முடிந்தது.

முடித்தது யார் என்றால், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம். 2001 கணக்கெடுப்பை வைத்துத் தொகுதிகளைத் திருத்தி வரைந்தார்கள், 2008 பிப்ரவரியில் அது அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 39 என்பது மாறவில்லை, உள்ளே கோடுகள் மட்டும்தான் மாறின. நம்மைப் போலப் பெயர் இழந்த தொகுதிகள் நிறைய. ஆனால் நாகர்கோவில் போய்க் கன்னியாகுமரி வந்தது, பெரியகுளம் போய்த் தேனி வந்தது, சிவகாசி போய் விருதுநகர் வந்தது. அங்கெல்லாம் பெயர் மாறினாலும் மாவட்டத்துக்கென்று ஒரு எம்.பி. இருக்கிறார். நமக்கு மாவட்டத் தலைநகரின் பெயரே பட்டியலில் இல்லை.

நம்ம மாவட்டத்தைப் பாகம் பிரித்த வயல் மாதிரி நான்கு துண்டாக்கினார்கள். புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு. திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையோடு. அறந்தாங்கி ராமநாதபுரத்தோடு. விராலிமலை கரூரோடு. அந்தக் கரூர் தொகுதியை எடுத்துப் பார், கரூர் மாவட்டம், திண்டுக்கல் மாவட்டத்து வேடசந்தூர், திருச்சி மாவட்டத்து மணப்பாறை, நம்ம விராலிமலை என்று நாலு மாவட்டத்தில் பரந்து கிடக்கிறது. விராலிமலைக்காரர் தன் எம்.பி.யைப் பார்க்க எந்தப் பஸ் ஏற வேண்டும் சொல்.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படி. தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள், 39 மக்களவைத் தொகுதிகள், ஆக ஒரு எம்.பி. தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். முன்பு நம்ம மாவட்டத்தில் ஐந்துதான் இருந்தன. அதே மறுவரையறையில் குளத்தூரை எடுத்துவிட்டுக் கந்தர்வகோட்டையையும் விராலிமலையையும் புதிதாகச் சேர்த்து ஆறாக்கினார்கள். ஆறு. ஒரு மக்களவைத் தொகுதிக்கு எவ்வளவு வேண்டுமோ சரியாக அவ்வளவு. ஒரு கையால் ஆறைக் கொடுத்துவிட்டு மறு கையால் இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று பிரித்துவிட்டார்கள்.

ஜனத்தொகை போதாது என்று சொல்ல முடியுமா? 2001இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையை 39ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 16 லட்சம் வரும். நம்ம மாவட்டம் அப்போது 14.6 லட்சம், ஒன்பது சதவீதம் போலத்தான் குறைவு. சிவகங்கை மாவட்டமும் ராமநாதபுரம் மாவட்டமும் 12 லட்சத்துக்கும் கீழே. அந்த இரண்டிலும் நான்கு நான்கு சட்டமன்றத் தொகுதிகள்தான், ஆளுக்கு இரண்டு குறைகிறது. திருச்சிக்கும் நகரத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து நான்கு, மேலும் இரண்டு வேண்டும். எல்லோருக்கும் நடுவில் இருந்தவர்கள் நாம். சுற்றியுள்ளவர்களின் குறையை நம்மை வைத்து நிரப்பியிருக்கிறார்கள் என்றுதான் வரைபடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

பழைய தொகுதி மட்டும் முழு மாவட்டமாக இருந்ததா என்று நீ கேட்பாய். இல்லை. திருமயம் அப்போதே சிவகங்கையில்தான் இருந்தது, தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி நம்மோடு இருந்தது. ஆனாலும் தொகுதியின் நடு இங்கே இருந்தது. வேட்பாளர் இங்கே வந்து தங்கினார், ஜெயித்தவர் இங்கே ஆபீஸ் போட்டார், ஓட்டு இங்கே எண்ணப்பட்டது.

2009 தேர்தல் வந்தபோது ஊரில் கோபம் இருந்தது. 49-ஓ என்று ஒரு தேர்தல் விதி அப்போது இருந்தது, யாருக்கும் ஓட்டுப் போட விருப்பமில்லை என்று பூத் அதிகாரியிடம் சொன்னால், அவர் பதிவேட்டில் அதைக் குறித்து நம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்வார். தொகுதியைப் பறித்ததற்கு எதிர்ப்பாக அதைச் செய்யுங்கள் என்று இங்கே பிரசாரம் நடந்தது. நானும் அதைத்தான் செய்தேன். பூத்தில் உட்கார்ந்திருந்த எல்லாக் கட்சி ஏஜெண்டுகளுக்கும் நான் என்ன செய்தேன் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது, ரகசியம் என்று எதுவும் கிடையாது. 2013இல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் மெஷினிலேயே நோட்டா பட்டன் வந்தது. அன்றைக்குத் துணிந்து கையெழுத்துப் போட்ட கிராமத்து ஆட்களை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

தொகுதி போனதால் நடைமுறையில் என்ன நஷ்டம் என்றால், நெடுவாசலைச் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில், மண்ணுக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிற ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே ரோட்டில் உட்கார்ந்தது. அது ஆலங்குடியில் சேர்ந்தது, ஆக சிவகங்கை எம்.பி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருந்தால் உனக்குச் சாப்பாடு இறங்கியிருக்காது. அந்த நேரத்தில் இந்த ஒரு மாவட்டத்துக்கு நாலு எம்.பி.க்கள், நாலு தொகுதியின் நடுவும் வேறு எங்கோ. யாரையும் தனியாகக் குறை சொல்லவில்லை. ஆறில் நான்கோ ஐந்தோ தொகுதி வேறு மாவட்டத்தில் இருந்தால் எந்த மனுஷனுக்கும் கவனம் அங்கேதான் போகும். தொகுதி நிதி ஒரு எம்.பி.க்கு வருடத்துக்கு 5 கோடி. நாலு எம்.பி. என்றால் 20 கோடி வருமே என்று விவரம் தெரியாமல் சொல்கிறார்கள், அந்தப் பணம் முழுவதும் இங்கே வருவதில்லை. தஞ்சாவூருக்கும் நமக்கும் ரயில் பாதை வேண்டும் என்று எத்தனை காலமாகக் கேட்கிறோம், அதையே தன் முதல் வேலையாக எடுத்துப் பேச ஒருவர் வேண்டாமா?

இதில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2009இல் சிவகங்கையில் ப.சிதம்பரம் ஜெயித்தது வெறும் 3,354 ஓட்டில். ஆலங்குடி, திருமயம் ஓட்டுகள் அந்தக் கணக்கில் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று யோசி. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு ராமநாதபுரத்தோடு இருப்பது ஒருவகையில் பொருத்தம்தான், இலங்கைக் கடற்படை பிரச்சினை இரண்டு பக்கமும் ஒன்றே. 2019இல் நம்ம திருநாவுக்கரசர் திருச்சி தொகுதியில் நின்று ஜெயித்தபோது, ஊர்க்காரர் எம்.பி. ஆனார் என்று இங்கே வெடி போட்டார்கள். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் இவையெல்லாம் தற்செயலாக அமைந்தவை. மாவட்டத்துக்கென்று ஒரு தொகுதி இருந்தால் தற்செயலை நம்பி உட்கார வேண்டியதில்லை.

முத்துலட்சுமி ரெட்டி இந்த ஊர்ப் பெண், 1927இல் சென்னைச் சட்டசபையில் துணைத் தலைவராக உட்கார்ந்தவர். சத்தியமூர்த்தி பிறந்தது திருமயத்தில். சமஸ்தானத்திலேயே 1924இல் சட்டசபை அமைந்துவிட்டது. சபையில் எழுந்து பேசுவதற்கு நம்ம மண்ணுக்கு இவ்வளவு நீண்ட பழக்கம் இருக்கும்போது டில்லியில் பெயர் இல்லாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புக்கு அப்புறம் மறுவரையறை என்று சட்டத்தில் இருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக்கு இடம் குறையுமோ என்ற கவலைதான் எல்லோர் வாயிலும், அது நியாயமான கவலை, எனக்கும் உண்டு. ஆனால் கோடு போடுகிற நேரம் வரும்போது நம்ம ஆறு தொகுதிகளையும் ஒன்றாக வையுங்கள் என்று கேட்க இங்கிருந்து ஆட்கள் தயாராக இருக்க வேண்டும். 2011 கணக்கிலேயே மாவட்டம் 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வரைவுப் பட்டியல் வந்ததும் ஆட்சேபம் எழுதித் தர ஒரு கால அவகாசம் கொடுப்பார்கள், அதை விட்டால் மறுபடி எத்தனை வருஷமோ. மன்னர் கல்லூரிப் பழைய மாணவர்கள் சிலரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மனுவை நான் எழுதுகிறேன், நீ படித்துப் பார்த்துத் திருத்து. ஆபீஸில் இங்கிலீஷில் எழுதி எழுதிப் பழகியவன், அந்தப் பிரதியை நீதான் போட வேண்டும்.

இன்னொன்று. உங்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1962, 1967 தேர்தல் நோட்டீசுகள் இருந்ததாக நீ ஒரு தடவை சொன்னாய். பூனாவுக்கு எடுத்துப் போயிருந்தால் போனில் படம் எடுத்து அனுப்பு, இங்கே தங்கச்சி வீட்டில் இருந்தால் சொல், நானே போய்ப் பார்க்கிறேன். திருவப்பூர் மாரியம்மன் தேருக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், டிக்கெட் போட்டதும் தேதி சொல். பேரனையும் கூட்டி வா, திருச்சிக்குச் சின்னவனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி