'செடாங்' அலை என்றால் எவ்வளவு உயரம்?

இந்தோனேசியாவின் தென்கிழக்குச் சுலவேசிக் கடலோரங்களுக்கு அலை எச்சரிக்கை எழுதி அனுப்பும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

வகாதோபித் தீவுகளில் கடல்மேல் கால் நட்டு வீடு கட்டி வாழும் பஜோ மக்கள் வீட்டுக்குள் பேசுவது சாமா மொழி. மீன் வியாபாரி, பள்ளி, சுகாதார நிலையம் என்றால் இந்தோனேசிய மொழிக்கு மாறிவிடுவார்கள். ஆனால் அது சந்தையில் பழகிய சுலவேசிப் பேச்சு. எச்சரிக்கையோ அலுவலக நடையில் வருகிறது.

'கெலொம்பாங் செடாங்' என்பதைப் பாருங்கள். கெலொம்பாங் என்றால் அலை, செடாங் என்றால் நடுத்தரம். கேட்டவுடன் 'பரவாயில்லை, போகலாம்' என்றுதான் யாருக்கும் தோன்றும். வானிலை அறிக்கையில் அது 1.25 முதல் 2.5 மீட்டர் வரையிலான அலை. மீன்பிடிப் படகுக்கு ஆபத்து என்று அதே அறிக்கை சொல்வதோ 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்துக்கு மேல் காற்று, 1.25 மீட்டருக்கு மேல் அலை. ஆக, 'நடுத்தரம்' தொடங்கும்போதே கத்திந்திங் என்ற சிறு இயந்திரப் படகு கரையில் நின்றாக வேண்டும். போதாததற்கு, அந்த உயரம் எல்லா அலைகளிலும் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான்; தனி அலை ஒன்று அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எழலாம். இதை ஒரு வரியாவது எழுதுங்கள்.

அடுத்தது 'கித்தா'. ஏட்டு இந்தோனேசியத்தில் அது 'நாம்'. சுலவேசிப் பேச்சில் மரியாதையான 'நீங்கள்'. 'கித்தா பணம் கட்ட வேண்டும்' என்று கூட்டத்தில் அறிவித்தால் கட்டவேண்டியது யார் என்றே குழம்பும். ஆளைப் பெயரிட்டுச் சொல்வதே நல்லது.

நேரத்தை மேற்கு இந்தோனேசியக் கணக்கில் போடாதீர்கள். வகாதோபி ஒரு மணி முன்னால் ஓடுகிறது. காலை 7 என்று நீங்கள் எழுதும்போது அங்கே 8.

எங்கள் வேண்டுகோள் எளியது. முதல் வரியில் 'சிறு படகு போகக் கூடாது' என்று வரட்டும். மீட்டர், நாட் கணக்கெல்லாம் அதன் பிறகு. அதையே சாமாவில் 30 விநாடிக்குள் பதிவு செய்து கைப்பேசிக் குழுக்களுக்கு அனுப்புங்கள். சட்டமும் தடுக்கவில்லை: 2009ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம், 38ஆம் பிரிவு, பொதுச்சேவைத் தகவலில் இந்தோனேசியத்துடன் வட்டார மொழியையும் சேர்க்க இடம் தருகிறது.

அனுப்புமுன் கடலுக்குப் போகும் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, 'நாளை போகலாமா?' என்று கேளுங்கள். அவர் தயங்கினால் வாசகத்தை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
கடலோர மொழிப் பயன்பாட்டில் பணிபுரிவோர்